பிக்கப்பில் ஏற்றும் தீயணைப்பு செட்: தண்ணீர் பீய்ச்சும் தூரத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

தீயணைப்பு வண்டி வந்து சேர முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகிற ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நிலையம் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு இந்தச் சாமான் அவ்வளவாகத் தேவைப்படாது. பிக்கப் வண்டியிலோ டிராக்டர் டிரெய்லரிலோ தூக்கி வைத்து இறுக்கிக் கட்டிக்கொள்ளும் தீயணைப்பு செட், விற்பவர்கள் ஸ்கிட் யூனிட் என்று சொல்வது, அதை ஊர்ப் பொதுவில் வாங்கி வைத்துப் பயன்படுத்துகிறோம். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகையில் வருகிற செட்டுகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், குறைகளும் பெரும்பாலும் அதே இடங்களில்தான் இருக்கின்றன. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம், முடிந்த ஊர் கட்டாயம் வாங்க வேண்டும். ஆனால் விற்பவர் ஆசையாகக் காட்டுகிற பீய்ச்சும் தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டேங்க் காலியான பிறகு எவ்வளவு சீக்கிரம் மறுபடி நிரப்ப முடிகிறது என்பதைப் பாருங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செட்டில் என்ன இருக்கிறது என்றால், ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் 500 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், பெட்ரோலில் ஓடுகிற நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுடன் பம்பு, 25 மில்லிமீட்டர் ரப்பர் ஹோஸ் 30 மீட்டர் சுற்றிய ரீல், நேர்த்தாரையாகவும் விசிறலாகவும் மாற்றிக்கொள்கிற நாசில், நுரைத் திரவத்துக்கு ஒரு சின்ன டப்பா, நீர் உறிஞ்ச ஒரு சக்ஷன் ஹோஸ். அவ்வளவுதான். தண்ணீர் மட்டுமே அரை டன், அதோடு சட்டம், எஞ்சின், ஏறுகிற ஆள் என்று கூட்டிப் பார்த்துவிட்டு உங்கள் வண்டி அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். டேங்குக்குள் தடுப்புப் பலகை இருக்கிறதா என்று மூடியைத் திறந்து கையாலேயே தடவிப் பார்க்க வேண்டும். தடுப்பு இல்லாவிட்டால், பாதி நிறைந்த டேங்கோடு வளைவில் திரும்பும்போது தண்ணீர் முழுக்க ஒரு பக்கம் மோதி வண்டியையே சாய்க்கப் பார்க்கும். அவசரத்தில் வேகமாக ஓட்டுகிறவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இப்படி ஒன்று எதற்கு, போன் செய்தால் வண்டி வராதா என்று எங்கள் ஊரிலும் கேட்டார்கள். வரும். ஆனால் நெருப்பு அதுவரை நிற்காது. அமெரிக்காவில் யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் அறைகளை முழுசாக எரித்துப் பார்த்த சோதனைகளில், இன்றைக்கு நாம் வைத்திருக்கிற மாதிரி ஃபோம் மெத்தை, செயற்கை நூல் துணி, பிளாஸ்டிக் சாமான்கள் நிறைந்த அறை ஐந்து நிமிடத்துக்குள் மொத்தமாகப் பற்றிக்கொண்டது. பழைய மரச் சாமானும் பருத்தியும் இருந்த அறை அதே கட்டத்துக்கு வர அரை மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் ஊரே குடத்தோடு ஓடி வந்து அணைத்தது என்று பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை, அன்றைக்கு அவர்களுக்கு அவ்வளவு நேரம் இருந்தது. இன்றைக்கு கிராமத்து வீட்டிலும் அதே ஃபோம், அதே பிளாஸ்டிக் வந்துவிட்டது. உதவி வருகிற தூரம் மட்டும் குறையவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் தீக்காயங்களால் ஆண்டுக்கு சுமார் 1,80,000 பேர் இறக்கிறார்கள், அதில் மிகப் பெரும்பான்மை ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்தான். ஒதுங்கிய ஊர்களின் நெருப்பு செய்தியாகக்கூட ஆவதில்லை என்பது இன்று நேற்று வந்த பிரச்சினையும் இல்லை. 1871 அக்டோபர் 8 அன்று சிகாகோ நகரம் எரிந்தது உலகத்துக்கே தெரியும். அதே நாளில் விஸ்கான்சின் மாநிலத்தில் பெஷ்டிகோ என்ற சின்ன ஊரும் சுற்றியிருந்த குடியிருப்புகளும் எரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், சிகாகோவில் செத்தவர்களைவிடப் பல மடங்கு. அந்தப் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

சரி, செட்டுக்கு வருவோம். பம்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நிமிடத்துக்கு 100 லிட்டர் வாக்கில் நல்ல அழுத்தத்தோடு தருகிறது, கயிறு இழுத்தால் உடனே பிடிக்கிறது, நாசில் கைக்கு அடக்கமாக இருக்கிறது. நேர்த்தாரை பார்க்க மிரட்டலாக இருக்கும், எல்லோரும் அதைத்தான் வைக்கத் துடிப்பார்கள், ஆனால் பக்கத்தில் போக முடிகிற நெருப்புக்கு விசிறல்தான் அதிக வேலை செய்யும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுசாக ஆவியாகும்போது ஏறக்குறைய 2.6 மெகாஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது, ஆவியாகி சுமார் 1,700 மடங்கு விரிகிறது. துளி சின்னதாக இருந்தால்தான் அது சட்டென்று ஆவியாகும். தாரையாக அடித்த தண்ணீரில் பாதி சுவரில் பட்டுத் தரையில் ஓடிவிடும், 500 லிட்டர் மட்டுமே வைத்திருக்கிறவர்களுக்கு அது பெரிய நஷ்டம். தூரத்தில் இருக்கிற கூரை முகட்டை எட்ட வேண்டும், எரிகிற குவியலைக் கிளற வேண்டும் என்றால் மட்டும் நேர்த்தாரை.

25 மில்லிமீட்டர் ஹோஸ் இந்த அளவு தண்ணீருக்குப் போதும். இதிலேயே நிமிடத்துக்கு 200 லிட்டர் தள்ளலாம் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். ஓட்டம் இரண்டு மடங்கானால் உராய்வில் போகிற அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகும், 30 மீட்டரிலேயே பம்பின் பலமெல்லாம் குழாய்க்குள் தீர்ந்துவிடும். அந்த அளவு வேண்டுமென்றால் 38 மில்லிமீட்டர் துணி ஹோஸ் தனியாக ஒன்று வாங்கி வையுங்கள், அதே ஓட்டத்துக்கு அதில் இழப்பு எட்டில் ஒரு பங்குதான். ஒரு மூலையில் மடித்து வைத்தால் இடமும் அடைக்காது.

இனி முக்கியமான இடம். 500 லிட்டரை நிமிடத்துக்கு 100 லிட்டராகப் பிரித்துப் பாருங்கள்: ஐந்து நிமிடம். அதற்குள் அணைந்தால் அணைந்தது, இல்லாவிட்டால் மறுபடி நிரப்பியாக வேண்டும். குடம் குடமாக ஊற்றி அரை டன் நிரப்புவது நெருப்பு எரியும்போது நடக்கிற காரியமில்லை. அதனால் குளம், கால்வாய், தொட்டி எதிலிருந்தாவது பம்பே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில்தான் எங்களுக்கு வந்த செட் மோசம். கொடுத்த சக்ஷன் ஹோஸ் நீளமும் போதாது, உள்ளே கம்பிச் சுருளும் இல்லை. கம்பிச் சுருள் இல்லாத குழாய் உறிஞ்சும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும், எஞ்சின் அலறும், தண்ணீர் வராது. கூடவே வந்த ஃபுட் வால்வு, குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கிற அடைப்பு, ஒரு சின்னக் குச்சி மாட்டினாலே மூடாமல் நின்றுவிடுகிற தரம். இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, கெட்டியான சுருள் ஹோஸும் பெரிய வடிகட்டியும் வெளியே வாங்கிப் போட்டோம். அன்றிலிருந்து அதே பம்புதானா என்று கேட்கிற அளவுக்கு வேலை செய்கிறது.

இதற்குக் காரணம் புரிந்துவிட்டால் விற்பவரிடம் ஏமாற மாட்டோம். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. உள்ளே காற்றை எடுத்து வெற்றிடம் உண்டாக்குகிறது, வெளியே இருக்கிற காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றழுத்தத்தால் முடிவது, கணக்குப்படியே, கடல்மட்டத்தில் 10.3 மீட்டர். நடைமுறையில் ஏழு, ஏழரை மீட்டருக்கு மேல் நம்ப முடியாது, மலைப்பகுதியில் இன்னும் குறையும். பத்து மீட்டர் ஆழத்தில் தண்ணீர் கிடக்கிற கிணற்றில் எவ்வளவு பெரிய எஞ்சினை வைத்தாலும் மேலிருந்து உறிஞ்ச முடியாது, குதிரைத்திறனைக் கூட்டிப் பிரயோஜனமில்லை. அந்த ஊர்கள் மிதக்கும் பம்போ நீர்மூழ்கி மோட்டாரோதான் பார்க்க வேண்டும், அல்லது தரைமட்டத்தில் ஒரு பெரிய தொட்டியை எப்போதும் நிறைத்து வைக்க வேண்டும். இன்னொன்று, உறிஞ்சவில்லை என்றால் பம்பைக் குறை சொல்வதற்கு முன் சக்ஷன் பக்கத்து இணைப்புகளைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வாஷர் காய்ந்துபோய் காற்று இழுத்துக்கொண்டிருக்கும். தண்ணீர்ப் பக்கத்துக் கசிவு கண்ணுக்குத் தெரியும், காற்றுக் கசிவு தெரியாது. வடிகட்டியைச் சுற்றி மேலும் கீழும் பக்கவாட்டிலும் இரண்டடித் தண்ணீராவது இருக்க வேண்டும், மேலே குறைந்தால் சுழி விழுந்து காற்று போகும், கீழே குறைந்தால் சேறு ஏறும்.

செட்டோடு சேர்த்து ஊர் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, இதற்கு ஆகிற செலவு செட்டின் செலவில் சின்னப் பங்குதான். குளத்துக்கு உள்ளே அடியில் வடிகட்டியோடு ஒரு 150 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயைப் பதித்து, மறு முனையை வண்டி வந்து நிற்கக்கூடிய சாலையோரத்தில் எழுப்பி, ஹோஸை மாட்டுகிற இணைப்பான கப்ளிங்கைப் போட்டு மூடி வைப்பது. உலர் ஹைட்ரண்ட் என்பார்கள். அதில் அழுத்தமும் இல்லை, மோட்டாரும் இல்லை, சும்மா ஒரு குழாய். ஆனால் சகதியில் இறங்காமல், வண்டியைக் கரையில் சிக்க வைக்காமல், மாட்டினவுடனே உறிஞ்சலாம். நாளைக்கு அரசுத் தீயணைப்பு வண்டி வந்தாலும் அதுவும் அதே இடத்தில் நிரப்பிக்கொள்ளும். குளம் வற்றுகிற மாதங்களில் வடிகட்டிக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் இடம் தேர்வு செய்ய வேண்டும். நெருப்பு அதிகம் வருவதும் அந்த மாதங்களில்தான்.

கப்ளிங் என்றதும் ஒன்று. செட்டை ஆர்டர் செய்வதற்கு முன்பே பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போய் அவர்கள் என்ன அளவு, என்ன வகை கப்ளிங் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அதையே போடச் சொல்லுங்கள். 1904-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது அக்கம்பக்கத்து நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ரயிலிலேயே வந்து இறங்கின. பல வண்டிகளின் ஹோஸ் அந்த ஊர் ஹைட்ரண்ட்டில் பொருந்தவே இல்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அதற்குப் பிறகுதான் கப்ளிங்குகளை ஒரே தரத்துக்குக் கொண்டுவருவது அங்கே தீவிரமானது. எங்களுக்கு வந்த செட்டில் இருந்ததும் நிலையத்தாருடையதும் வேறு வேறு, ஒரு அடாப்டர் செய்து சங்கிலியால் சட்டத்திலேயே கட்டி வைத்திருக்கிறோம். விற்றவர் இதை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

நுரைத் திரவம் தேவையா என்றால், வைக்கோல், பஞ்சு, மரத்தூள் எரிகிற ஊரில் தேவை. வெறும் தண்ணீர் வைக்கோல் போரின் மேலே வழிந்து ஓடிவிடும், உள்ளே கங்கு அப்படியே இருக்கும், அணைந்தது என்று எல்லோரும் போன பிறகு மறுபடி பற்றும். ஏ வகைத் தீக்கான, அதாவது மரம், துணி, வைக்கோல் மாதிரிப் பொருள்கள் எரிகிற தீக்கான, நுரைத் திரவம் அரை சதவீதம் கலந்தாலே தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைந்து உள்ளே ஊறிப் போகிறது. அப்போதும் போரைப் பிரித்துப் பரப்பி நனைக்காமல் விடக்கூடாது. செட்டில் இருக்கிற கலக்கும் கருவி சுமாராகத்தான் அளக்கிறது, நாங்கள் டேங்கிலேயே அளந்து ஊற்றிவிடுகிறோம். இந்தத் திரவம் மீனுக்கும் மற்ற நீர் உயிர்களுக்கும் கேடு, ஆகவே குளத்தோரத்தில் டேங்கைக் கழுவாதீர்கள். எண்ணெய்த் தீக்கென்று வருகிற பழைய வகை நுரைகளில் பிஎஃப்ஏஎஸ் என்ற மக்காத ரசாயனங்கள் இருக்கும், விலை குறைவு என்று அதைத் தலையில் கட்டினால் வாங்கவே வேண்டாம். குடிக்கிற தண்ணீரில் சேர்ந்தால் எடுப்பது பெரும்பாடு.

இதை வாங்குகிற காசுக்கு வீட்டுக்கு வீடு தீயணைப்பான் வாங்கித் தரலாமே என்ற கேள்வி நியாயமானது. முடிந்தால் இரண்டும் வேண்டும். 6 கிலோ பவுடர் சிலிண்டர் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும், ஆனால் வீட்டுக்குள் நெருப்பு பற்றிய அந்த முதல் நொடியில் அதற்கு ஈடாக இந்தப் பெரிய செட்டால் எதுவும் செய்ய முடியாது. பவுடர் சுவாலையை அடக்கும், பொருளைக் குளிர வைக்காது, அதனால் மெத்தையிலும் வைக்கோலிலும் திரும்பப் பற்றும். முதுகில் மாட்டுகிற 20 லிட்டர் கைப்பம்பு புல்தீயின் ஓரத்தை அடக்கவும் கடைசியில் கங்கு தேடி நனைக்கவும் அருமையான சாமான். வண்டி போக முடியாத சந்துக்கும் வரப்புக்கும் அதுதான் கதி. செட் வாங்குகிற ஊர் அதையும் சேர்த்து வாங்க வேண்டும்.

செட் வந்ததும் இளைஞர்களுக்கு ஒரு தைரியம் வரும். அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தி வைக்க வேண்டும், இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மூச்சுக் கருவி இல்லாமல் புகை நிறைந்த வீட்டுக்குள் யாரும் போகக் கூடாது. முகத்தில் ஈரத்துணி கட்டினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு நிற்காது, நாலு மூச்சில் கால் தள்ளாடும். வெளியிலிருந்து ஜன்னல் வழியாகவும் கதவு வழியாகவும் அடிக்கலாம், பக்கத்து வீட்டுக் கூரையை நனைத்து அங்கே பரவாமல் காப்பாற்றலாம், பல நேரம் இந்தச் செட்டின் உண்மையான பயன் அதுதான். மின்சாரத்தை நிறுத்தாமல் தண்ணீர் அடிக்கக் கூடாது. எரிவாயு சிலிண்டரின் வாய் எரிந்தால், வால்வை மூட முடிந்தால் மூடுங்கள். முடியாவிட்டால் சுவாலையை அணைக்காமல், ஆட்களை விலக்கிவிட்டு, மறைவில் தூரமாக நின்று சிலிண்டரின் உடம்பை விசிறலால் குளிர வைத்துக்கொண்டே இருங்கள். சுவாலை போய் வாயு மட்டும் கசிந்தால் அது இன்னும் ஆபத்து.

யார் ஓட்டப் போகிறார்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே யோசியுங்கள். பகலில் ஊரில் இருப்பது பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும். வேலைக்குப் போன ஆண்கள் திரும்பி வரும்வரை செட் பூட்டிக் கிடந்தால் வாங்கியே பயனில்லை. எங்கள் ஊரில் பெண்கள் குழு ஒன்று முதலிலிருந்தே பழகியது, இப்போது சக்ஷன் மாட்டி பிரைமிங் செய்வதில், அதாவது காற்றை வெளியேற்றிப் பம்பில் தண்ணீர் ஏற்றுவதில், அவர்கள்தான் வேகம். பட்டன் ஸ்டார்ட்டும் கயிறும் இரண்டும் உள்ள எஞ்சினாகக் கேளுங்கள், கயிறு இழுக்க பலம் போதாதவர்களுக்குப் பட்டன், பேட்டரி படுத்துவிட்டால் கயிறு. தண்ணீர் நிறைந்த 30 மீட்டர் ஹோஸை இழுக்க இரண்டு பேர் வேண்டும், உள்ளே இருக்கிற தண்ணீரே 15 கிலோ. எஞ்சின் சத்தத்தில் கத்தினால் கேட்காது, தண்ணீர் விடு, நிறுத்து என்பதற்குக் கைச் சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட வந்த கையேடு ஊர்க்காரர்களுக்குப் படிக்க வராத மொழியில் இருந்தது, ஸ்டார்ட் செய்கிற வரிசையை நாங்களே பெயிண்டால் டேங்கின் மேல் எழுதிவிட்டோம்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை, ஆனால் விடக்கூடாத வேலை. தேங்கி நிற்கிற பெட்ரோல் சில மாதங்களில் கெட்டு கார்புரேட்டரில் பிசின் மாதிரி படியும், எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். அதனால் மாதம் ஒருமுறை உண்மையாகவே தண்ணீர் உறிஞ்சி, அடித்து, பிறகு பெட்ரோல் குழாயை மூடி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டினால் உள்ளே தண்ணீர் கசியாமல் அடைக்கிற மெக்கானிக்கல் சீல் கருகிவிடும், எங்களுக்கும் அது ஒருமுறை போனது. விற்றவர்கள் பாகத்தை அனுப்ப வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அவ்வளவு நாளும் ஊர் வெறுங்கையோடு இருந்தது, எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். சீல், வாஷர், ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட்டர் கயிறு இந்த நான்கும் உபரியாக ஒரு டப்பாவில் இருக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

பணம் முழுவதும் கொடுப்பதற்கு முன் செட்டை உங்கள் ஊர்க் குளத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், கம்பெனி வாசலில் நிறைந்த டேங்கிலிருந்து பீய்ச்சிக் காட்டுவதை ஏற்காதீர்கள். காலி டேங்கோடு கரையில் நிறுத்தி, அவர்கள் தருகிற சக்ஷன் ஹோஸையே மாட்டி, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதிலிருந்து டேங்க் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். அடுத்து விற்பவரின் ஆளை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, பகலில் ஊரில் இருக்கப்போகிறவர்களில் ஒருவரை விட்டு அதையே செய்யச் சொல்லுங்கள்.